குடியிருந்துகொண்டே பழைய வீட்டைச் சீர்செய்வது: செட்டிநாட்டுப் பக்கம் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடு என்றதும் எல்லாரும் கானாடுகாத்தான் அரண்மனையை நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுடையது அது இல்லை. காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி போகிற பக்கத்தில், வயலுக்கு நடுவே, என் கணவரின் தாத்தா கட்டிய தோட்டத்து வீடு. நிலைவாசலுக்கு மேலே சுதையில் 'வெகுதானிய வருஷம் ஆவணி' என்று எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டால் 1938. செம்புராங்கல் சுவர், பனங்கை போட்ட நாட்டு ஓட்டுக் கூரை, நடுவில் சின்னதாக ஒரு வளவு (முற்றம்), பின்கட்டில் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணறும் மாட்டுக் கொட்டிலும்.

நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், என் மாமியார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஐந்து பேரும் உள்ளேயே குடியிருந்துகொண்டு 19 மாதம் வேலை பார்த்தோம். பார்க்க வந்தவர்களும், சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தங்கள் பூட்டிக் கிடக்கும் வீட்டை நினைத்துப் போன் பண்ணியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"வேலை முடியற வரைக்கும் காரைக்குடியில ஒரு வீடு பிடிச்சு வாடகைக்கு இருந்திருக்கலாமே? எதுக்கு இந்தத் தூசிக்குள்ள?"

வாடகை மிச்சம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆள் இல்லாத வீட்டில் நடக்கிற தப்பு ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் படும். அதற்குள் அதன்மேல் இன்னொரு வேலையும் முடிந்திருக்கும். நாங்கள் அங்கேயே இருந்ததால் சாயங்காலம் காபி டம்ளரோடு ஒரு சுற்று வந்தாலே என்ன கோளாறு என்று தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாருக்கும் இது சரிவராது. கைக்குழந்தை இருந்தால், வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால், வாடகைக்குப் போய்விடுங்கள். அத்தைக்கு லேசாக வீசிங் உண்டு. பழைய பூச்சைக் கொத்தி எடுத்த 20 நாளும் அவரைத் தேவகோட்டையில் நாத்தனார் வீட்டில் விட்டுவைத்தோம். போகமாட்டேன் என்று ஒரு வாரம் சண்டை.

"முதல்ல எதுல கை வைக்கணும்?"

எதிலும் வைக்காதீர்கள். ஒரு ஐப்பசி மழையை அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் புரட்டாசியில் குடிவந்தோம். கணவர் அந்த மாதமே ஆளைக் கூப்பிட்டிருப்பார். அத்தைதான், "மழை சொல்லும், பொறு" என்று தடுத்தார்.

மழை நன்றாகவே சொன்னது. ஒழுகும் இடத்திலெல்லாம் அண்டா, வாளி, குத்துப்போணி என்று வைத்துக்கொண்டே வந்தோம். விடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் தரையில் அடுப்புக்கரியால் ஒரு வட்டம் போட்டு, எண் எழுதி, பாத்திரத்தில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு நோட்டில் குறித்தான் மூத்தவன். கார்த்திகை முடிவதற்குள் 31 வட்டம். அதில் 19 வட்டம் வளவைச் சுற்றியே இருந்தது. இரண்டு சரிவு சேரும் கூடல்வாயில் தகரம் அரித்துப்போனதுதான் காரணம். கூரை முழுக்கப் போச்சு என்று நினைத்திருந்தோம். பாதிக்கு மேல் அந்த நாலு மூலைத் தகரம்.

"அப்ப மழை முடிஞ்சதும் கூரைதானே?"

இல்லை, கழிப்பறை. வேலையாட்கள் ஆறேழு பேர், வீட்டு ஆட்கள் ஐந்து பேர், கொல்லையில் தகரம் அடித்த ஒரே ஒரு பழைய கக்கூஸ் என்றால் பத்தாம் நாள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சித்தாள்களாக வரும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். முதலில் வெளியே ஒன்று கட்டினோம். வீட்டுக்குள் இருப்பதைப் பிறகு தொட்டோம்.

இரட்டைக் குழி போட்டோம். ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். அடைத்த குழி ஒன்றிரண்டு வருடத்தில் எருவாகிவிடும். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து குழி குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். எங்களுக்கு 50 அடி கிடைக்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. மரத்தை விட்டுவிட்டு 70 அடியில் போட்டோம். குழாய்க்குச் செலவு கூடியது, சரி.

"பஞ்சாயத்துல அனுமதி வாங்கணுமா? யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, தொடக்கூடாதுன்னு வேற சொல்றாங்களே?"

ஓடு மாற்றுவது, பூச்சு, தரை, வர்ணம் எல்லாம் பழுதுபார்ப்பு. அதற்குக் கட்டட அனுமதி தேவைப்படாது. புதிதாக அறை கூட்டினாலோ மாடி எழுப்பினாலோ தேவை. உங்கள் ஊர் ஊராட்சியா பேரூராட்சியா என்று பார்த்து அங்கேயே கேட்டுவிடுங்கள்.

செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது உண்மை. அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் உங்கள் வீட்டு ஓட்டை நீங்கள் மாற்றக் கூடாது என்று ஆகாது.

"எந்த மாசம் ஆரம்பிக்கிறது நல்லது?"

நாள் நட்சத்திரம் உங்கள் வீட்டு வழக்கம். வேலைக் கணக்குப்படி, கூரை தையில் தொடங்கிச் சித்திரைக்குள் முடிய வேண்டும். சுவர்ப் பூச்சு வைகாசியிலிருந்து ஆவணி வரை. இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஆவணி புரட்டாசியில் விதைப்பு, தையில் அறுப்பு. உங்கள் கையாள் அன்று வரமாட்டார். கோபப்பட்டுப் பயனில்லை. எங்கள் கொத்தனாருக்கே மூன்று ஏக்கர் இருந்தது.

"தலைக்கு மேல ஓடு இல்லாம எப்படிங்க படுத்தீங்க?"

முழுக் கூரையையும் ஒரே நாளில் பிரிக்கக் கூடாது. காலையில் பிரித்துச் சாயங்காலத்துக்குள் வேய்ந்து மூடக்கூடிய அகலம் எவ்வளவோ அவ்வளவு மட்டும். எங்களுக்கு அது ஒரு நாளைக்கு எட்டடி, பத்தடி வந்தது. கைமரம் மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று நாள் ஆகும். அங்கே மட்டும் தார்ப்பாய். தார்ப்பாயைத் தட்டையாகக் கட்டாதீர்கள். மாசியில் ஒரு ராத்திரி எதிர்பாராத மழை. நடுவில் தொட்டி போலத் தண்ணீர் தேங்கி, கயிறு அறுந்து, மொத்தமும் பீரோ மேல் இறங்கியது. அதன்பிறகு நடுவில் ஒரு கம்பு கொடுத்துக் கூடாரம் போலச் சரிவாகக் கட்டினோம்.

ஓட்டுக்கு அடியில் 80 வருடக் குப்பை இருக்கும். வௌவால் எச்சம், எலிக்கூடு, வைக்கோல், குளவிக்கூட்டு மண். மூக்கில் துணி கட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள். அந்த நாட்களில் வீட்டில் ஒரே ஒரு அறையை மட்டும் சுத்தமான அறை என்று வைத்துக்கொண்டோம். வாசலில் நனைத்த பழைய வேட்டி தொங்கும். படுக்கை, பள்ளிக்கூடப் பை, சாமி படம், அரிசி மூட்டை எல்லாம் அதற்குள். செருப்போடு உள்ளே போனால் அபராதம் பத்து ரூபாய். கணவர்தான் அதிகம் கட்டினார்.

பழைய ஓட்டைத் தூக்கி எறிய வேண்டாம். பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் கீறல். எங்களுக்குப் பத்தில் ஏழு தேறியது. மீதிக்கு, வீடு இடிக்கிற இடங்களில் கேட்டு வாங்கினோம். ஓடு அளவு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நம் ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் மேலே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

"இவ்வளவு பாடுக்கு ஓட்டைத் தூக்கிப் போட்டுட்டு காங்கிரீட் போட்டா ஒரேயடியா நிம்மதி இல்லையா?"

என் மைத்துனர் இதையே மூன்று முறை கேட்டார். 5 அங்குலக் காங்கிரீட் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, கிட்டத்தட்ட 3 டன் எடை. நாட்டு ஓட்டுக் கூரை அதில் பாதிகூட வராது. களிமண் சாந்தில் அடுக்கிய செம்புராங்கல் சுவரின் தலையில் அந்த எடையை ஏற்றுவதென்றால் தூணும் பெல்ட்டும் புதிதாகப் போட வேண்டும். அப்புறம் அது வேறு வீடு.

இன்னொன்று வெக்கை. சித்திரை மத்தியானம் எங்கள் வளவு ஓரத்தில் பாய் விரித்துப் படுக்கலாம். மைத்துனர் வீட்டு மாடி அறையில் ராத்திரி பத்து மணிக்குக்கூட சுவரில் கை வைக்க முடியாது. நான்காவது முறை அவர் கேட்கவில்லை.

"மரம் நல்லா இருக்கா உளுத்துப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஆசாரி கொட்டாப்புளியால் தட்டிக் காதால் பார்ப்பார். நமக்கு அந்தக் காது கிடையாது. ஒரு திருப்புளியை எடுத்துச் சுவருக்குள் போகிற முனையில் குத்திப் பாருங்கள். மரம் நடுவில் கெடாது, சுவருக்குள் ஈரம் படுகிற நுனியில்தான் கெடும். பனங்கையாக இருந்தால் வெளிப்பக்கம் கருப்பாக வைரம் பாய்ந்து நிற்கும், உட்சோறு மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் 46 பனங்கையில் 9 மட்டும் மாற்றினோம். அதில் நாலு, கரி வட்டங்களுக்கு நேர் மேலே, கூடல்வாயில் இருந்தவை.

கரையானுக்கு, முதலில் ஈரத்தை நிறுத்துங்கள். மண் குழாய் தெரிந்தால் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது. சுவருக்குள் செருகும் முனைகளில் முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினோம். கையில் பட்டால் புண்ணாகிவிடும், உறை போட்டுக்கொள்ளுங்கள். தரையில் துளை போட்டு மருந்து ஊற்றுகிறோம் என்று வந்தவர்களைக் கிணறு பக்கத்தில் இருந்ததால் வேண்டாமென்று அனுப்பிவிட்டோம்.

"சுவர்ல ஓதம் ஏறுது. சிமெண்ட் பூசிட்டோம், மூணு மாசத்துல பொரிஞ்சு விழுது. இன்னும் நல்ல சிமெண்டா போட்டா நிக்குமா?"

நிற்காது. சிமெண்டின் தரத்தில் கோளாறு இல்லை. பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். மூச்சு விடுவது மாதிரி. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். கூடவே உப்பும் ஏறும். ஏறின இடத்தில் உப்புப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அடுப்படிச் சுவரை அவசரத்துக்கு ஒரு கொத்தனாரை விட்டுச் சிமெண்ட் பூசினோம். அதற்கு முன் ஓதம் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஆறாவது மாதம் இடுப்பு உயரம். அத்தை ஊறுகாய் ஜாடி வைக்கும் மாடத்துக்குக் கீழே பூச்சு அப்பளம் போல உப்பி நின்றது. விரலால் தொட்டதும் முழுசாகக் கழன்று விழுந்தது. பின்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம், வெள்ளை வெள்ளையாக உப்பு. உப்பைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினோம்.

சரிசெய்வது இப்படித்தான். முதலில் வெளியே போய்ப் பாருங்கள். வெளிமண் உள்தரையைவிட உயர்ந்திருக்கும். ரோடு போடப் போட, மண் கொட்டக் கொட்ட, வீடு பள்ளமாகிவிடும். சுவரை ஒட்டி மண்ணை வெட்டி எடுத்து உள்தரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். அப்புறம் சிமெண்டை, ஓதக்கறைக்கு ஓரடி மேல்வரை கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சும்மா விடுங்கள். நாங்கள் ஒரு கோடை முழுக்க விட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு.

"செட்டிநாட்டுப் பூச்சுக்கு முட்டை எத்தனை போடணும்?"

போன் பண்ணுகிற எல்லாரும் கேட்பது இது. முட்டை வெள்ளைக்கரு சேர்வது கடைசி மெல்லிய பூச்சில், கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதற்கு. பெரிய வீட்டு முகப்புக்கு அது அழகு. தோட்டத்து வீட்டுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். முட்டையில் கவனம் வைக்கிறவர்கள் அடிப்பூச்சைக் கோட்டைவிடுகிறார்கள்.

அடிப்பூச்சுக்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பும் சலித்த ஆற்றுமணலும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரும். எங்கள் கொத்தனார் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டார். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் தண்ணீர் மூடி வைத்தால் நாளாக ஆக வெண்ணெய் மாதிரி ஆகும். நாங்கள் ஐந்து வாரம் வைத்தோம். பூச்சு மெல்லிசாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகும். அதற்கு நாளாகும். ஃபேன் போட்டுக் காயவைத்தால் வெடிக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். கடுக்காய்த் தண்ணீர் நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

"பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இதெல்லாம் ஆபத்து இல்லையா?"

ஆபத்துதான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். நீற்றுகிற அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். குழிக்குப் பலகை போட்டு மூடி மேலே அம்மிக்கல் வைத்தோம். பக்கத்தில் எப்போதும் ஒரு குடம் நல்ல தண்ணீர். தெறித்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியே ஆஸ்பத்திரிக்கு.

இன்னொரு ஆபத்து யாரும் நினைக்காதது. பழைய கதவு ஜன்னல் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர வைத்து உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் சாப்பாட்டிலும் பாயிலும் போய் உட்காரும். சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு அது நல்லதில்லை. கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நனைத்துத் தேய்த்து, தூளை வழித்துக் கட்டி எறியுங்கள்.

"சமையல் எப்படிப் பண்ணீங்க?"

மாட்டுக் கொட்டிலில். மாடு விற்று வருஷமாகிறது. கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கேஸ் அடுப்பை அங்கே வைத்தோம். ஏழு மாதம். இப்போதும் வெயில் காலத்தில் அங்கேதான் நல்லா இருக்கிறது என்கிறார் அத்தை.

"தோட்டத்து மோட்டார் சர்வீஸ் இருக்கே, இலவச கரண்ட். அதுலயே கட்டர், மிக்சர் எல்லாம் ஓட்டிக்கலாமா?"

கூடாது. அது விவசாயத்துக்கு மட்டும் கொடுத்த இணைப்பு. கட்டட வேலைக்கு எடுத்தால் முறைகேடான பயன்பாடு என்று இரண்டு மடங்கு கட்டணம் போடலாம், மின்சாரச் சட்டத்திலேயே அது இருக்கிறது. எல்லாரும் செய்கிறார்களே என்பார்கள். மாட்டுகிறவர் ஒருவர்தான், அது நீங்களாக இருக்க வேண்டாம்.

வீட்டு வயரிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரப்பட்டைக்குள் ஓடும் பழைய வயர் இருந்தால் பூச்சு வேலைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஈரச் சுவரும் பழைய வயரும் சேரக் கூடாது. நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் வேலை தொடங்கும் முன்பே போட்டோம். ஈரக்கையோடு கட்டரைத் தொட்ட பையன் ஒருவனை அது காப்பாற்றியது.

"ஜன்னல் கம்பி துருப்பிடிச்சு கல்லையே பிளந்திருக்கு. மாத்தணுமா?"

துரு, இரும்பைவிட இடம் அதிகம் கேட்கும், அதனால்தான் பிளக்கிறது. மேலோட்டமாக இருந்தால் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தால் போதும். பிளந்த இடத்தில் கம்பியை எடுத்தே ஆக வேண்டும். துருவை ஆராய்ச்சி செய்ய 1953-லிருந்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றித்தான் இத்தனை துருப்பிடித்த கம்பிகள்.

"ஆத்தங்குடிக் கல் போட்டுக்கிட்டே குடியிருக்க முடியுமா? ஏன் எங்க வீட்டுல மங்கலா இருக்கு?"

தரை கடைசி வேலை. கூரை, பூச்சு, வயர் எல்லாம் முடிந்த பிறகு. முதலில் போட்டவர்கள் எல்லாம் வருத்தப்படுகிறார்கள். அறையைப் பாதி பாதியாகப் பிரித்துப் போட்டோம். ஒரு பாதி இறுகும்வரை மறுபாதியில் கட்டில்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை அச்சில் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. ஆனாலும் புதிதில் கொஞ்சம் மங்கல்தான், நடக்க நடக்க மெருகேறும். துணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போட்டுத் துடையுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமெண்டை அரித்துவிடும். எலுமிச்சம்பழம் சிந்தினால் உடனே துடையுங்கள். எங்கள் கூடத்தில் ஒரு கல்லில் இலை வடிவத்தில் வெளுப்பு இருக்கிறது, சின்னவள் சாத்துக்குடித் தோலை ராத்திரி முழுக்கப் போட்டுவைத்த இடம்.

"பழைய ஓடு, கல்லு குமிச்சு வச்சா பாம்பு வராதா?"

வரும். இரண்டு முறை வந்தது. ஒன்று சாரை, ஒன்று கண்ணாடி விரியன். ஓட்டைச் சுவரை ஒட்டிக் குவிக்காமல், வீட்டிலிருந்து தள்ளி, கீழே கட்டை கொடுத்து அடுக்குங்கள். எடுக்கும்போது கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். பாம்பு பிடிக்கத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டால் வருவார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்கு.

"காண்ட்ராக்ட்டா, நாள் சம்பளமா? மொத்தம் எவ்வளவு ஆச்சு?"

புதிதாகக் கட்டுவதைக் காண்ட்ராக்ட்டுக்கு விடலாம். கழிப்பறையை அப்படித்தான் விட்டோம். பழையதைப் பிரித்துப் பார்க்கிற வேலைக்கு நாள் சம்பளம்தான் சரி. காண்ட்ராக்ட்காரர் உள்ளே கெட்டது தெரிந்தாலும் மூடிவிட்டுப் போகத்தான் பார்ப்பார், அவர் கணக்கு அவருக்கு. நாள் சம்பளத்தில் வேலை இழுக்கும். அதற்கு நாம் கூடவே இருக்க வேண்டும், முதல் கேள்விக்குச் சொன்ன காரணம் இதுதான்.

தொகையைச் சொன்னால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. நூறு ரூபாயில் 45 ரூபாய் கூரைக்குப் போனது. நினைத்ததைவிட மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடப் போனது. டீ, வடை, மத்தியானச் சாப்பாடு கணக்கை அத்தை தனி நோட்டில் எழுதினார். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

வங்கியில் வீடு பழுதுபார்க்கக் கடன் வாங்கினால், நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை பழைய வருமான வரி முறையில் கழிக்கலாம். விவசாய நிலத்து வீடு என்றால் வங்கிகள் யோசிக்கும். எங்களுக்கு நகைக்கடன்தான் கைகொடுத்தது.

"தேக்குத் தூணு நாலு இருக்கே, குடுத்துட்டா கூரைச் செலவே வந்துருமே?"

வேலை தொடங்கின வாரத்திலேயே ஆள் வந்துவிட்டார். "தூணைக் குடுங்க, அதே அளவுக்குக் கான்கிரீட் தூண் நானே போட்டுத் தர்றேன், மேல கைக்குக் காசும் தர்றேன்" என்றார். பழைய வீட்டுச் சாமான் விற்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். அங்கே நிற்கிற ஒவ்வொரு தூணும் ஒரு வீட்டில் நின்றதுதான். விற்றவர்களைக் குறை சொல்லமாட்டேன், பலருக்குக் கூரையைக் காப்பாற்ற வேறு வழியில்லை. நாங்களே உடைந்துபோன கொல்லைக் கதவுக்குப் பதில் அந்தத் தெருவில்தான் ஒரு கதவு வாங்கினோம். நிலையின் உள்ளளவை எடுத்துக்கொண்டு போங்கள். பழைய கதவில் குடுமி இருக்கும், கீல் இருக்காது.

"வீடு மூணு பங்கு. பங்காளிங்க 'நீ பாத்துக்கப்பா'ன்னு வாயால சொல்லிட்டாங்க. போதுமா?"

போதாது. இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி இதுதான், ஓதத்தைவிட. நீங்கள் செலவு செய்ததால் உங்கள் பங்கு கூடாது. பத்து வருடம் கழித்து மதிப்பு ஏறிய வீட்டில் அவர்களுக்கும் அதே பங்குதான். முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பட்டா கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். முடிந்தால் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடியாவிட்டால், யார் எவ்வளவு செலவு செய்தார்கள், பின்னால் பிரிக்கும்போது அதை எப்படிக் கணக்கு வைப்பது என்றாவது எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். வக்கீலிடம் காட்டி எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மொத்தம் இரண்டு பங்காளிகள். சின்ன மாமனார் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ஒன்று கேட்டார். தெற்கு அறை அவர் வந்தால் தங்குவதற்கு என்று இருக்க வேண்டும். பத்திரத்தில் அது இல்லை. ஆனால் அந்த அறைக்குள் நாங்கள் சாமான் அடைப்பதில்லை.

"இவ்வளவும் பண்ணி, இப்ப ஒழுகலையா?"

வேலை முடிந்த பிறகு வந்த ஐப்பசியில் பழைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 31 வட்டத்தில் 29 காய்ந்து கிடந்தது. மீதி இரண்டில் ஒன்று மயில் வேலை. சாயங்காலமானால் முகட்டில் வந்து இறங்குகிறது, இறங்குகிற இடத்தில் ஓடு நகர்ந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை ஏறி ஒதுக்கிவிட வேண்டியதுதான். இன்னொன்று பதினேழாம் நம்பர், பத்தாயத்துக்குப் பக்கத்தில். மேலே ஓடு புதுசு, தகரம் புதுசு, மூன்று தடவை பிரித்துப் பார்த்தாகிவிட்டது. எங்கிருந்து வருகிறது என்று கொத்தனாருக்கும் தெரியவில்லை. அத்தை அதற்கு அடியில் ஒரு சின்னப் பித்தளைக் கும்பா வைத்திருக்கிறார்.